பல், கல், பழம்



நாளேட்டைக் கையில் எடுத்தால் முதற் பக்கத்தில் போர். அடுத்த பக்கத்தில் விலைவாசி. அதற்கும் அடுத்த பக்கத்தில் விபத்து. இவற்றையெல்லாம் குடும்பத் தலைவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு தமக்குத் தாமே படித்து முடிப்பார். ஆனால் ஏதோ ஒரு பக்கத்தின் மூலையில், பெட்டி கட்டிய சிறு செய்தியொன்று இருக்கும். அதைக் கண்டதும், “இங்கே வா, இதைக் கேள்!” என்று அடுக்களையில் இருக்கும் இல்லத்தரசியைக் கூவி அழைப்பார். பிள்ளைகளும் ஓடி வருவர். குடும்பம் முழுவதையும் ஒரே இடத்தில் கூட்டும் ஆற்றல், மாலைச் செபமணிக்கு அடுத்தபடியாக, அந்தப் பெட்டிச் செய்திக்கே உண்டு!

உலகத்துப் பிரமுகர்களைப் பற்றியும் உலகத்து விந்தைகளைப் பற்றியும் வாரந்தோறும் வந்து குவியும் இத்தகைய செய்திகளுள் சிலவற்றை இம்மாதம் ஒரே தட்டில் வைத்துப் பரிமாற விழைகிறோம். பல வேறு ஆண்டுகளில் வந்தவையாயினும் எல்லாம் உண்மையாய் நடந்தவை. எல்லாம் காசு புழங்கிய கதைகள். சிரிப்பதற்குத் தடையில்லை. ஆனால் கடைசியில் ஒரு சிறு கணக்குப் பார்ப்போம். இதை இப்போதே சொல்லிவிட்டோம். “சிரிக்க வைத்துவிட்டுக் கணக்குப் பாடம் நடத்திவிட்டாரே சாமியார்!” என்று பின்னர் யாரும் குறைகூறலாகாது.

சொத்தைப் பல்லும் சொத்து

‘பல் போனால் சொல் போச்சு’ என்பது நம் பழமொழி. பாடகர் ஜான் லெனனுக்குப் பல் போயிற்று, சொல் போகவில்லை. ‘பீட்டில்ஸ்’ என்னும் இசைக் குழுவின் நால்வருள் ஒருவரான அவர், 1960-களில் தம் கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்க வேண்டியதாயிற்று. பிடுங்கிய பல்லைத் தம் வீட்டில் பணி புரிந்த பெண்மணியிடம் கொடுத்து, எறிந்துவிடலாம், அல்லது தம் பாடல்களில் பித்துக்கொண்டிருந்த அவருடைய மகளுக்குக் கொடுக்கலாம் என்றாராம். அப்பெண்மணி எறியவில்லை, வீட்டில் பத்திரப்படுத்தினார்.

ஆண்டுகள் உருண்டன. 1980-இல் நியூயார்க் நகரில் லெனன் சுட்டுக் கொல்லப்பட்டார். 2011-ஆம் ஆண்டு நவம்பரில் அந்தப் பல் இங்கிலாந்தில் ஏலத்துக்கு வந்தது. 19,500 பவுண்டுக்கு ஏலம் போயிற்று. எடுத்தவர் யார் தெரியுமா? கனடா நாட்டுப் பல் மருத்துவர் ஒருவர்! பிறருடைய பல்லைப் பிடுங்கிப் பணம் வாங்குவது பல் மருத்துவர்களின் வழக்கம். பிடுங்கி முடித்த பல்லுக்குப் பணம் கொடுத்த பல் மருத்துவரை அதற்குமுன் உலகம் கண்டிருக்குமா என்பது ஐயமே. அதுவும் நல்ல பல்லா என்றால் அதுவுமில்லை, சொத்தைப் பல்! பெரிய பெயர் ஒன்று ஒட்டிக்கொண்டால் சொத்தைகூடச் சொத்தாகிவிடுகிறது. யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் அன்றோ!

பல்வலிக்காரர்களின் பாதுகாவலி புனித அப்பொலோனியம்மாள். மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியா நகரில் பற்கள் உடைக்கப்பட்டு வேதசாட்சியானவர். அவருடைய திருப்பண்டத்தை எந்த ஏலக்கூடத்திலும் எவரும் நியாயமாக விற்க இயலாது. திருப்பண்டங்களை விற்பது அறவே கூடாது என்று 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு 1190-ஆம் சட்டத்தில் கண்டிப்பாய்ச் சொல்லிவிட்டது. புனிதர்களின் பல்லுக்கு விலை இல்லை. பாடகர்களின் பல்லுக்கு உண்டு. இதில் எது உயர்வு என்பதை வாசகர்களே முடிவு செய்துகொள்ளலாம்.

கல்லும் ரொட்டியும்

பல்லைத் தொடர்ந்து வருவது கல். வைரக் கல்லோ மாணிக்கக் கல்லோ அன்று, சிறுநீரகக் கல்!

‘ஸ்டார் டிரெக்’ என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில் விண்கலத்துத் தலைவராக நடித்துப் புகழ்பெற்றவர் வில்லியம் ஷாட்னர். 2005-ஆம் ஆண்டின் இறுதியில் அவருக்குச் சிறுநீரகக் கல் உபாதை வந்து, கல்லும் ஒருவாறு வெளியேறியது. இணையவழிச் சூதாட்ட நிறுவனமான ‘கோல்டன் பாலஸ்’ அதற்கு 15,000 டாலர் தருவதாக முன்வந்தது. நடிகர் மறுத்துவிட்டார். தாம் தொடரில் அணிந்த சட்டையே அதைவிடப் பன்மடங்கு விலைபோகும்போது, உடலுக்குள்ளேயே இருந்த கல்லை அற்ப விலைக்குக் கொடுப்பதா என்பது அவர் வாதம். பேரம் படிந்தது. 2006 ஜனவரியில் 25,000 டாலருக்குக் கல் கைமாறியது.

இச்செய்தியை நம் கோயில்பிள்ளைக்குப் படித்துக் காட்டினோம். அவரும் ஒரு காலத்தில் அதே உபாதையால் துடித்து, வாழைத்தண்டுச் சாற்றைச் செம்பு செம்பாய்க் குடித்துக் குணமானவர். சற்று நேரம் மோவாயைத் தடவிக்கொண்டு நின்றார்.

“என் கல்லை யார் சாமி வாங்குவா?” என்றார்.

சிரித்தோம். அவரும் சிரித்தார். ஆனால் அந்தக் கேள்வியைச் சற்றே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அதே சூதாட்ட நிறுவனம் அதற்கு முன்பே வேறொரு பொருளையும் வாங்கியிருந்தது. புளோரிடா மாநிலத்துப் பெண்மணி ஒருவர், பாலாடைக்கட்டி வைத்து வாட்டிய ரொட்டியை ஒரு கடி கடித்தபின் உற்று நோக்க, அதில் தேவ அன்னையின் திருமுகம் தெரிந்ததாம். மிச்சத்தை உண்ணாமல் பஞ்சு வைத்துப் பெட்டியில் இட்டுப் பத்தாண்டுகள் தம் படுக்கையருகே வைத்திருந்தார். பூசணம் பிடிக்கவில்லை என்றும் கூறினார். 2004-ஆம் ஆண்டு நவம்பரில் இணைய ஏலத்தில் அது 28,000 டாலருக்கு விற்றது.

ரொட்டியில் அன்னையின் முகத்தைக் கண்டவரை நாம் எள்ளப் போவதில்லை. தாயை நினைத்துக்கொண்டே இருப்பவருக்குச் சுவரிலும் மேகத்திலும் தாய்முகம் தெரிவது இயற்கை. ஆனால் சூதாட்ட நிறுவனத்தாருக்கு அன்னைமேல் அத்துணை பக்தியா? பக்தியன்று, விளம்பரம்! உலகத்து நாளேடுகளெல்லாம் ரொட்டியின் கதையை எழுதும்போது, வாங்கியவர் பெயரையும் எழுதியே தீரும் அல்லவா? காசு போட்டுக் காசு எடுக்கும் கலையை அவர்களுக்குக் கற்றுத்தரவா வேண்டும்?

இதில் இன்னொரு வேடிக்கை. கல், ரொட்டி இரண்டும் ஒரே வீட்டில் போய்ச் சேர்ந்துவிட்டன. பாலைவனத்தில் நாற்பது நாள் பசித்திருந்த ஆண்டவரிடம், கல்லை அப்பமாக்கும்படி ஒருவன் யோசனை சொன்னான் அல்லவா? அவனுக்கு இந்தச் செய்தி எட்டியிருந்தால், ‘எவ்வளவு எளிதாக முடிந்துவிட்டது!’ என்று வியந்திருப்பான்.

முடியும் மூக்கும்

2008-ஆம் ஆண்டு டிசம்பரில், சளி பிடித்திருந்த நடிகை ஸ்கார்லெட் ஜோஹான்சன் ஒரு தொலைக்காட்சி உரையாடலுக்கு வந்தார். நிகழ்ச்சியிலேயே காகிதக் கைக்குட்டையில் மூக்கைச் சிந்தி, அதில் கையொப்பமும் இட்டுக் கொடுத்தார். இணைய ஏலத்தில் அது 5,300 டாலருக்குப் போயிற்று. வீட்டில் பிள்ளைகள் மூக்குச் சிந்திய துணியை இரண்டு விரலால் தூக்கித் துவைக்கும் தாய்மார்கள் இந்தத் தொகையைப் படித்துப் பெருமூச்சு விடக்கூடும்.

2011-இல் இளம் பாடகர் ஜஸ்டின் பீபர் முடி வெட்டிக்கொண்டார். இதுவும் உலகச் செய்தியாயிற்று. வெட்டிய முடிக்கற்றை 40,668 டாலருக்கு விலைபோயிற்று. முடி திருத்தகத்தில் நாம் முடியையும் கொடுத்துக் காசையும் கொடுத்துவிட்டு வருகிறோம்!

பாப்பரசரின் வண்டி

நடிகர் பாடகர் மட்டுந்தானா, பாப்பரசர் ஒருவரும் இந்தப் பட்டியலில் உண்டு. ஹார்லி டேவிட்சன் நிறுவனம் தனது 110-ஆம் ஆண்டு விழாவை 2013-இல் உரோமையில் கொண்டாடியபோது அப்போதைய பாப்பரசர் பிரான்சிசுக்கு மோட்டார் சைக்கிளைக் காணிக்கையாக்கியது. எழுபத்தாறு வயதுக்காரர், வெள்ளை அங்கியோடு அதில் ஏறி உரோமை வீதிகளில் சீறிப் பாய்ந்திருந்தால் எப்படி இருந்திருக்கும்! அவர் ஏறவில்லை. எரிபொருள் தொட்டியின்மேல் தம் பெயரை எழுதி விற்கக் கொடுத்துவிட்டார். 2014 பிப்ரவரியில் பாரிசு நகரில் ஏலம். 12,000 முதல் 15,000 யூரோ வரை போகலாம் என மதிப்பிட்டிருந்தனர். போனது 2,41,500 யூரோவுக்கு! வண்டிக்கு விலை கொஞ்சம். பெயருக்கு விலை மிகுதி.

பிள்ளையாரும் குரங்கும்

ஒவ்வொரு பங்கிலும், கையில் ஒரு தூரிகையும் ஒரு டப்பா வண்ணமும் நெஞ்சு நிறைய நல்லெண்ணமும் கொண்ட பக்தர் ஒருவர் இருப்பார். “சுரூபம் வெளிறிக் கிடக்கிறதே சாமி, நானே வண்ணம் தீட்டிவிடுகிறேன்” என்பார். அவர் தீட்டி முடித்தபின் அந்தோணியாரின் புருவம் காவல்துறை அதிகாரியின் மீசைபோல் விளங்கும். வாய்விட்டுக் குறை சொல்லவும் இயலாது, பார்த்துக்கொண்டிருக்கவும் இயலாது.

வட ஸ்பெயினில் போர்கா என்னும் சிற்றூரில், இரக்கத்தின் அன்னை திருத்தலத்துச் சுவரில், முள்முடி சூடிய இயேசுவின் ஓவியம் ஒன்று இருந்தது. இலியாஸ் கார்சியா மார்டினஸ் என்ற ஓவியர் 1930 அளவில் வரைந்தது. ஈரத்தால் உதிர்ந்துகொண்டிருந்த அந்த ஓவியத்தைச் சீர்படுத்த, எண்பது வயதைக் கடந்த பக்தை ஒருவர் தூரிகையைக் கையில் எடுத்தார். வேலை முடியுமுன்னே செய்தி வெளியே வந்துவிட்டது. பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்காய் முடிந்த கதைதான்! 2012 ஆகஸ்டில் உலகத்துக் கைப்பேசிகள் அனைத்திலும் அந்தப் படம் ஓடியது. உலகமே வயிறு குலுங்கச் சிரித்தது.

அந்தச் சிரிப்பொலி ஊரில் ஒரே ஒரு வீட்டில் மட்டும் வேறுவிதமாய்க் கேட்டது. தம் கோயிலுக்கு நன்மை செய்ய நினைத்த மூதாட்டி, வெட்கத்தாலும் பதைப்பாலும் படுக்கையில் விழுந்துவிட்டார். நாம் சிரித்த படத்தின் பின்னால் ஒரு மனித உயிர் அழுதுகொண்டிருந்தது.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. படத்தை நேரில் காண மக்கள் வரத் தொடங்கினர். சில ஆண்டுகளுக்குள் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்து போயினர். ஏறத்தாழ 5,000 பேரே வாழும் ஊருக்கு! நுழைவுக் கட்டணம் வைத்தனர். அந்தப் பணம் திருத்தலப் பராமரிப்புக்கும் ஊரிலுள்ள முதியோர் இல்லத்துக்கும் பயன்பட்டது. ஊராரும் மூதாட்டியைக் கொண்டாடத் தொடங்கினர்.

அறுபத்திரண்டு இலட்சத்து வாழைப்பழம்

இத்தாலிய கலைஞர் மவுரிட்சியோ கத்தெலான், 2019 டிசம்பரில் மியாமி நகரக் கலைச் சந்தையில் ஒரு வாழைப்பழத்தைச் சாம்பல் நிற ஒட்டுநாடாவால் சுவரில் ஒட்டி வைத்தார். ‘காமெடியன்’ என்று பெயரிட்டார். 1,20,000 டாலர் விலை கூறினர்; விற்கவும் விற்றது! அங்கு வந்த வேறொரு கலைஞர், பசிக்கிறது என்று சொல்லிப் பழத்தைச் சுவரிலிருந்து பிய்த்து உரித்துத் தின்றுவிட்டார். காவலர்கள் திகைத்தனர். அதிகாரிகள் பதறவில்லை, வேறொரு பழத்தை ஒட்டிவிட்டனர். ஏனெனில் வாங்குபவருக்குக் கிடைப்பது பழமன்று. இது இன்னாருடைய கலைப்படைப்பு என்ற சான்றிதழும், பழத்தை எப்படி ஒட்டவேண்டும் என்ற குறிப்பும்தாம். பழம் அழுகினால் சொந்தச் செலவில் வேறு பழம் வாங்கிக்கொள்ள வேண்டும்.

2024 நவம்பர் 20-ஆம் நாள் நியூயார்க் நகரின் சதபீஸ் ஏலக்கூடத்தில் இதே படைப்பின் ஒரு பிரதி ஏலத்துக்கு வந்தது. மின்காசு வணிகர் ஜஸ்டின் சன் என்பவர், ஏலக்கூடத்தின் கட்டணமும் சேர்த்து 62 இலட்சம் டாலருக்கு எடுத்தார். ஒன்பது நாள் கழித்து ஹாங்காங்கில் செய்தியாளர்களைக் கூட்டி, அவர்கள் முன்னிலையில் பழத்தை உரித்துத் தின்றார். நம் ஊரில் ‘வாழைப்பழச் சோம்பேறி’ என்று சிலரைச் சொல்வதுண்டு. இவரை அப்படிச் சொல்ல இயலாது; அத்தனை செலவு செய்தும் தோலை அவரே உரித்தார்!

இந்தச் செய்தியையும் கோயில்பிள்ளைக்குச் சொன்னோம். அவர் சிரிக்கவில்லை.

“அந்தப் பழத்தை முதல்லே வித்தவருக்கு என்ன சாமி கிடைச்சுது?” என்று கேட்டார்.

அந்தக் கேள்வியை நியூயார்க் செய்தியாளர்களும் கேட்டிருக்கின்றனர். ஏலத்துக்கு வந்த பழம், ஏலக்கூடத்துக்கு அருகே நடைபாதையில் இருந்த பழக்கடையில் 35 சென்ட்டுக்கு வாங்கியது. விற்றவர் வங்கதேசத்திலிருந்து பிழைக்க வந்த, எழுபது வயதைக் கடந்த முதியவர். கடையும் அவருடையதன்று, மணிக்கு 12 டாலர் கூலிக்கு நிற்பவர். தாம் விற்ற பழம் என்ன ஆயிற்று என்பது அவருக்குத் தெரியாது. செய்தியாளர் வந்து சொன்னபோது, அந்த முதியவர் அழுதுவிட்டார்.

செய்தி பரவியதும், அதே கடையில் 1,00,000 பழங்கள் வாங்கி இலவசமாய் வழங்கப்போவதாக வணிகர் அறிவித்தார். கேட்க நன்றாய்த்தான் இருந்தது. ஆனால் இலாபம் கடைக்கு உடையவருக்குப் போகும்; கூலிக்கு நிற்பவருக்கு மணிக் கூலிதானே?

இனி, கணக்கு

முதலில் சொன்ன கணக்குக்கு வந்துவிட்டோம். பொருளின் விலையைப் பார்த்துச் சிரித்தாயிற்று. அந்தப் பணம் எங்கே போய்ச் சேர்ந்தது என்று இனிப் பார்ப்போம்.

நடிகரின் கல், ஏழைகளுக்கு வீடு கட்டித்தரும் நிறுவனத்துக்குப் போயிற்று, கல் வீடாயிற்று! நடிகை மூக்குச் சிந்திய காகிதம், பசித்தோருக்கு உணவு சேர்க்கும் அறப்பணிக்குப் போயிற்று. பாடகரின் முடி, கைவிடப்பட்ட விலங்குகளைக் காக்கும் இல்லத்துக்குப் போயிற்று. பாப்பரசரின் வண்டி, உரோமை இரயில் நிலையத்தருகே காரித்தாஸ் நடத்தும் தங்குமிடத்துக்கும் அன்னக்கூடத்துக்கும் போயிற்று. பெட்ரோல் ஊற்ற வேண்டிய வண்டி கஞ்சி ஊற்றியது. உலகம் எள்ளிய ஓவியம்கூட முதியோர் இல்லத்துக்கு உதவியது. கேலிக்கு உரியவை என்று நாம் நினைத்தவை பலவும் கரையேறிவிட்டன. பெயர் பெற்றவர்கள் தம் பெயரின் விலையைப் பெயரற்றவர்களுக்கு மாற்றிக் கொடுத்தபோது, அந்தப் பைத்தியக்காரத்தனத்திலும் ஓர் அறிவு இருந்தது.

பழம் மட்டும் கரையேறவில்லை. ஒரு கணக்குச் சொல்கிறேன், பிள்ளைகள் சரிபார்க்கட்டும். 62 இலட்சம் டாலரை மணிக்கு 12 டாலர் கூலியில் ஈட்டவேண்டுமானால், நாளுக்கு 8 மணியாக, ஆண்டுக்கு 300 நாள் வீதம், 215 ஆண்டுகள் நிற்கவேண்டும். அந்த முதியவர் நிற்க வேண்டிய காலத்தைத்தான் இன்னொருவர் செய்தியாளர்கள் முன்னே தின்று முடித்தார்.

இங்கேதான் கோயில்பிள்ளையின் முதற் கேள்வி திரும்பி வருகிறது. “என் கல்லை யார் வாங்குவா?” பெயர் இருந்தால் ஒருவரின் சொத்தைப் பல்லுக்கும் ஏலக்கூடம் உண்டு. பெயர் இல்லாவிட்டால் முழு மனிதருக்கும் மணிக் கூலிதான். இது ஏலக்காரர்களின் குற்றம் மட்டுமன்று. அந்தப் பெட்டிச் செய்தியை வீட்டில் உரக்கப் படிக்கும் நாம் யாருடைய பெயரைச் சொல்லிப் படிக்கிறோம்? வாங்கியவர் பெயரை! விற்ற முதியவர் செய்தியின் வாலில் கிடக்கிறார். அதற்குள் சிரிப்பு முடிந்து குடும்பம் கலைந்துவிடுகிறது.

ஆகவே பெட்டிச் செய்திகளைப் படிக்க வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. படியுங்கள், கூடியிருந்து சிரியுங்கள், சிரிக்கும் குடும்பத்தில் சண்டைக்கு நேரமிருப்பதில்லை. சிரித்து முடித்தபின் கோயில்பிள்ளை கேட்டதைப் பிள்ளைகளைக் கேட்கச் சொல்லுங்கள்: இந்தக் கதையில் பழத்தை விற்றவர் யார்? படத்துக்குப் பின்னால் அழுதவர் யார்?

நம் தெருவிலும் தள்ளுவண்டியில் வாழைப்பழம் வருகிறது. பல ஆண்டுகளாய் அதே மனிதரிடம் வாங்குகிறோம். சீப்புக்குச் சீப்பு பேரமும் பேசுகிறோம். அவர் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? நாளைக் காலையில் வண்டி வரும்போது, விலையைக் கேட்பதற்கு முன் அதைக் கேட்டு வையுங்கள்.